ஒன்பதடி யுகம்

சித்தூரில் மூன்று பெரிய மனிதர்கள் இன்னும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். மூவரும் ஒரே கழகத்தின் நிர்வாகிகள். வெட்டுவதென்றாலும் முதலில் கூட்டம் கூட்ட வேண்டும், தீர்மானம் போட வேண்டும், முன்மொழிய ஒருவர் வேண்டும், வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்த அளவுக்கு அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது.

கழகத்தின் பெயர் சித்தூர் கூடைப்பந்துப் பெருங்கழகம். தலைவர் சடகோபன், எழுபதைத் தாண்டியவர். செயலாளர் சுரேஷ்பாபு, ஐம்பதைத் தாண்டியவர். பொருளாளர் ரமணா, நாற்பதைத் தாண்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். மூவரும் ஆளுக்கொரு காலத்தில் தலைவர் பதவியில் இருந்தவர்கள். பதவிக்கு வந்ததும் ஒவ்வொருவரும் செய்த முதல் காரியம், மைதானத்துக்குப் புதுச் சிமெண்டுத் தரை போட்டு, ஓரத்தில் தன் பெயர் வெட்டிய கல்லைப் பதித்ததுதான். பழைய தரையைப் பெயர்த்தால் முன்னவர் கோபித்துக்கொள்வார். அதனால் அதன் மேலேயே மண்ணைக் கொட்டி, மண்ணின் மேல் சிமெண்டைக் கொட்டினார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் ஒரு கடப்பாறை வரப்போகிறது.

பக்கத்துக் குடிபாலா கிராமத்து ஏகாம்பரத்துக்குக் கூடைப்பந்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரியில் மூட்டை தூக்குவான். மற்ற மாதங்களில் யார் கூப்பிட்டாலும் போவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம், மகள் பிரித்திகா ஆறடிக்குச் சற்றே குறைவான உயரம், அந்த உயரத்தைப் பார்த்து ஸ்கூல் பி.டி. மாஸ்டர் அவள் கையில் ஒரு பந்தைக் கொடுத்தார், அன்று முதல் அவள் பந்தைக் கீழே வைக்கவில்லை என்பதுதான்.

திருப்பதியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் தங்க இடம், வயிறாரச் சோறு, டிகிரி படிப்பு, அப்புறம் ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை. சித்தூருக்கு ஒரு பெண்ணுக்குத்தான் இடம். பதினெட்டு நிரம்பியிருக்கக் கூடாது. பிரித்திகாவுக்கு அடுத்த மாதம் பதினெட்டு. இதே பதினெட்டுக்காக இன்னொரு இடமும் காத்திருந்தது. ஸ்ரீ சிட்டியில் செல்போன் பாகம் செய்யும் ஃபேக்டரி. ஏகாம்பரத்தின் மச்சான் அங்கே சொல்லி வைத்துவிட்டான். பிறந்தநாள் தாண்டியதும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

திருப்பதிக்குப் போக வேண்டுமானால் பெருங்கழகத்தின் மைதானத்தில், பெருங்கழகத்தின் தலைவர் தன் கையால் பந்தைத் தூக்கிப் போட்டுத் தொடங்கி வைக்கும் தேர்வு ஆட்டத்தில் ஆடியிருக்க வேண்டும். அதற்குத் தேதி கேட்கத்தான் ஏகாம்பரம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சித்தூருக்கு பஸ் ஏறினான்.

மைதானத்தில் பந்து இல்லை. ஷாமியானா இருந்தது. அதற்குக் கீழே நாற்காலிகள் இருந்தன. மேடையில் மூன்று பேர் ஒரே மைக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் ஓரமாக நின்று, வயதானவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சார், செலக்‌ஷன் மேட்ச்சு எப்ப சார்?"

சடகோபன் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். "எந்த யுகம்?"

ஏகாம்பரம் சற்று யோசித்தான். "குடிபாலா சார்."

"எண்பதுகளா, தொண்ணூறுகளா, அதுக்கப்புறமான்னு கேக்கறேன். யாரோட ஆதரவாளர் நீங்க?"

"பிரித்திகாவோட நைனா சார்."

"அவங்க எந்த வருஷம் ஆடினவங்க?"

"இப்ப ஆடிக்கினு இருக்குது சார்."

மேடையில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்கள் என்று ஓர் இனம் இருப்பதே அவர்கள் கவனத்துக்கு வந்து வெகுநாளாகியிருந்தது.

*

இந்த யுக வம்பு அதற்குச் சில நாள் முன்னால் ஒரு டீக்கடையில் தொடங்கியது. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரன் யார்? சடகோபன் ஓர் அமெரிக்கக்காரனைச் சொன்னார். ரமணா வேறோர் அமெரிக்கக்காரனைச் சொன்னார். இருவருமே இருபத்து மூன்றாம் நம்பர் சட்டை போட்டவர்கள். "இருபத்து மூணுதான் பெரியவன்" என்று இவர் கத்த, "கெடையாது, இருபத்து மூணுதான்" என்று அவர் கத்த, டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, படித்தவர்கள் ஒத்துப்போகும்போதும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சமாதானம் செய்யப் போன, தெலுங்கு வழக்கில் மரியாதைக்கு 'அண்டி' சேர்க்கும் சுரேஷ்பாபுதான் பெட்ரோல் ஊற்றினார். "அமெரிக்கா எதுக்கண்டி? நம்ம சித்தூர்ல யார் பெரியவன்னு முதல்ல முடிவு பண்ணுவோம்."

மறுநாளே அனைத்து யுக மகத்துவ நிர்ணயக் குழு பிறந்தது. எண்பதுகளின் வரதராஜுலுவை சடகோபன் தூக்கிப் பிடித்தார். தொண்ணூறுகளின் ஹரிபாபுவை சுரேஷ்பாபு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆடிய பிரவீனை ரமணா. வரதராஜுலு செத்துப்போய்விட்டார். பிரவீன் டல்லாஸில் இருக்கிறான், போனை எடுப்பதில்லை. பெங்களூரில் இன்ஷூரன்ஸ் விற்கும் ஹரிபாபு மட்டும் எடுத்தார். "எனக்கு முட்டி தேஞ்சிபோச்சி, ஆளை விடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். தன்னடக்கத்துக்காகத் தொண்ணூறுகளுக்கு ஒரு புள்ளி வழங்கப்பட்டது.

அந்தக் காலத்து ஸ்கோர் எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே சாட்சிகள் வந்தார்கள். ஏகாம்பரம் அடுத்தடுத்துத் தேதி கேட்கப் போன ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் மைக்கில் கண் கலங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ரிட்டையரான பஸ் கண்டக்டர் ஒருவர் எழுந்தார். "வரதராஜுலு எம்பினா, ரோட்டுல போற பஸ்ஸுல இருந்தே தலை தெரியும் சார். காம்பவுண்டு சுவத்துக்கு மேல. பாசஞ்சர்ங்க எல்லாம் அந்தப் பக்கமா சாஞ்சிடுவாங்க."

ரமணா சிரித்தார். "அந்தக் காலத்துல சுவரே இடுப்பு ஒசரம். ஆடு மேஞ்சாக்கூட தலை தெரிஞ்சிருக்கும்."

"உங்காளு பிரவீன் எம்பி வளையத்துக்குள்ளயே பந்தை அறைஞ்சி டங்க் அடிச்சான்னு பீத்திக்கினீங்களே," என்றார் சடகோபன், "அவன் அடிச்சப்ப வளையம் எவ்வளவு ஒசரம்?"

"பத்தடி. உலகம் பூரா பத்தடி."

"அளந்தீங்களா?"

சித்தூர் கூடைப்பந்து வரலாற்றில் யாரும் கேட்காத கேள்வி அது.

டேப் வந்தது. மேற்குக் கம்பம் ஏதோ ஒரு புயலில் சாய்ந்துபோய் இன்னும் கழகத்தின் விசாரணையில் இருந்ததால், மைதானத்துக்கு இருந்தது கிழக்குக் கம்பம் ஒன்றுதான். ரமணா நாற்காலி மேல் ஏறி வளையத்திலிருந்து டேப்பைத் தொங்க விட்டார். சுரேஷ்பாபு குனிந்து படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

ஒன்பதடி.

கம்பம் எண்பதுகளில் நட்டது. அதற்கப்புறம் இரண்டு முறை தரை உயர்ந்தது. கம்பத்தை உயர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தரை போட்டால் கல்லில் பெயர் வெட்டலாம். கம்பத்தில் எங்கே வெட்டுவது?

சடகோபன் மைக்கை எடுத்தார். முகத்தில் நாற்பது வருஷத்துச் சந்தோஷம். "ரமணா காரு, உங்க பிரவீன் அடிச்சது டங்க் இல்ல. கல்யாண வீட்டுல தோரணம் கட்டினான்."

நாற்காலிகள் பறந்தன. ஏகாம்பரம் ஒரு நாற்காலியைத் தலையில் வாங்கிக்கொண்டு, அன்றைக்கும் தேதி வாங்காமல் வீடு திரும்பினான்.

*

"யோவ், நீ போறது பொண்ணுக்கோசரமா, ஒத வாங்கறதுக்கோசரமா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி இந்திராணி மஞ்சளை அரைத்து ஏகாம்பரத்தின் நெற்றியில் அப்பினாள். "இன்னாதான் சொல்றானுங்க?"

"வளையம் ஒம்போதடிதான் கீதாம். அதுக்கு அட்ச்சிக்கிறானுங்க."

தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்த பிரித்திகாவின் கை நின்றது.

"இன்னா நைனா சொன்ன?"

"ஒம்போதடி பாப்பா. பத்து இல்லியாம்."

அவள் மெதுவாகச் சொன்னாள். "அதுக்குத்தான் போன வருஷம் சிவசங்கரி அக்காவ திருப்பதியில திருப்பி அனுப்புனாங்க. அதுக்கு முந்தின வருஷம் போன பிரியங்காவையும். போட்ட பந்தெல்லாம் வளையத்துக்கு முன்னாடியே வுழுந்துச்சாம். கழகத்துல கேட்டதுக்கு, மலைக் காத்து நைனா, ஏழுமலைக் காத்து பந்தைக் கீழ தள்ளுதுன்னு சொன்னாங்க."

"காத்து இல்லியா?"

"நாங்க எல்லாரும் கழகத்து மைதானத்துல ஒம்போதடிக்குப் பழகிக்கினோம். போனவங்க பத்தடிக்குப் போய் நின்னாங்க." அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பது போல. "இத்தினி வருஷமா என் கை தப்பாவே கத்துக்கிச்சி."

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். "துன்னுட்டுப் போயேன்டி" என்று இந்திராணி பின்னாலேயே போனாள். ஏகாம்பரம் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. மகளுக்குப் பத்தடி வேண்டும்.

அந்தப் பத்தடியை அடுத்த வாரமே கழகம் கொடுக்க முன்வந்தது. அவளுக்காக அல்ல.

*

யார் பெரியவன் என்று தெரிய வேண்டுமானால், அவரவர் காலத்துத் தரையில் நின்று வளையத்தை அளக்க வேண்டும். அவரவர் காலத்துத் தரை மண்ணுக்குள் இருக்கிறது. எனவே வளையத்துக்கு முன்னால் உள்ள பகுதியை அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்ப்பது என்று குழு முடிவெடுத்தது. இயந்திரம் கூடாது, வரலாற்றுக்கு அடிபடும் என்றார் ரமணா. கையால்தான் தோண்ட வேண்டும்.

"ஆள் வேணுமே" என்றார் சுரேஷ்பாபு.

தேதி கேட்க வந்து ஓரமாக நின்றிருந்த ஏகாம்பரத்தின் மேல் மூவர் பார்வையும் ஒரே நேரத்தில் விழுந்தது. கழகம் துவங்கிய நாளிலிருந்து அவர்கள் மூவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"தோண்டி முடிச்சா செலக்‌ஷன் மேட்ச்சு நடக்குமா சார்?"

"முடிச்ச மறுநாளே," என்றார் சடகோபன். "என் கையால பந்து தூக்கிப் போடறேன்."

கடப்பாறைக்குப் பூ சுற்றினார்கள். ஏகாம்பரத்தின் தோளில் ஒரு சால்வை போர்த்தினார்கள். கூலிப் பேச்சு வராமலிருக்க அதைவிட நல்ல வழி கண்டுபிடிக்கப்படவில்லை. சடகோபன் பேசினார்.

"ஆட்டக்காரங்க இன்னைக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. அவங்களை நம்பி ஒரு கழகம் நடக்க முடியாது. இந்தக் கழகம் ஆட்டக்காரங்களே இல்லாம எத்தனையோ வருஷம் சிறப்பா இயங்கியிருக்கு. ஒரு சின்னத் தடங்கல் கெடையாது, ஒரு புகார் கெடையாது. ஆனா கழகம் இல்லாம ஆட்டக்காரங்க ஒரு நாள், ஒரே ஒரு நாள் இயங்கிக் காட்டட்டும் பார்ப்போம்."

கைதட்டல். சுரேஷ்பாபு எழுந்தார்.

"ஒரு முக்கியமான அறிவிப்பு. தீர்ப்பு வர்ற வரைக்கும் இந்த மைதானத்துல யாரும் ஆடக் கூடாது. இப்ப இருக்கற பசங்க ஆடிக்கிட்டே இருந்தா, எவனாவது நல்லா ஆடித் தொலைச்சிடுவான். அப்புறம் அவனையும் கணக்குல சேர்க்கணும். ஒப்பீடே கெட்டுப்போயிடும். வரலாறு ஒரு எடத்துல நின்னாத்தானண்டி அதை அளக்க முடியும்?"

இதற்கும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்த சில மாணவர்களும் இருந்தார்கள்.

ஏகாம்பரம் குடிபாலாவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தான். கடப்பாறை இறங்கியது. ரமணாவின் தரை அசைந்து கொடுக்கவில்லை. பெயர்ந்து வந்த ஒவ்வொரு துண்டையும் ரமணா தன் கையால் துடைத்துச் சாக்கில் கட்டி, சாக்கின் மேல் பிரவீன் படத்தை ஒட்டினார். அதற்கடியில் செம்மண். செம்மண்ணுக்கு அடியில் சுரேஷ்பாபுவின் தரை.

கடப்பாறையை ஓங்கி விட்டதும் அது வறுத்த ரவையாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. சிமெண்டு போட்ட அடையாளமே இல்லை. எல்லாம் ஆற்று மணல்.

மூன்று தலைகள் குழிக்கு மேல் எட்டிப் பார்த்தன. சடகோபன் தொண்டையைச் செருமினார். "சுரேஷ்பாபு காரு, இது என்ன தரை?"

சுரேஷ்பாபு ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "இதுதான் சார் ஆதாரம். ஹரிபாபு எம்பிக் குதிச்ச குதியில சிமெண்டே தூளாயிடுச்சி. வேற எந்த யுகத்துல தரை இப்படி ஆகியிருக்கு, காட்டுங்க பார்க்கலாம்."

குழு இதைப் பதிவு செய்துகொண்டது.

அதற்கும் கீழே, இன்னொரு செம்மண் படுகைக்கு அடியில், விரிசல் விட்ட எண்பதுகளின் தரை தட்டுப்பட்டது. ஓரத்தில் சடகோபன் பெயர் வெட்டிய கல். குழிக்குள் நின்று டேப்பை இழுத்தார்கள். சரியாகப் பத்தடி. சடகோபன் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

*

அந்தக் குழியில்தான் பிரித்திகா பத்தடியைப் பார்த்தாள்.

விடிந்ததும் அப்பாவோடு முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். நிர்வாகிகள் எழுந்து, டிபன் சாப்பிட்டு, வந்து சேர வெகுநேரம் ஆகும். குழிக்குள் இறங்கிப் பந்தை எறிந்தாள். வளையத்துக்கு முன்னாலேயே விழுந்தது. மறுபடி எறிந்தாள். வளையத்தின் விளிம்பில் பட்டுத் திரும்பி வந்து அவள் மூக்கில் அடித்தது. ஏகாம்பரம் மண்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தான்.

"வுட்டுடேன் பாப்பா, ரத்தம் வருது."

"நீ தோண்டு நைனா."

தோண்டினான். அவள் எறிந்தாள். வந்த பந்தை எடுத்து எடுத்து எறிந்தாள். நாட்கள் போகப் போக முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கியது, மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஒரு காலையில் பந்து கம்பியைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. 'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். பொங்கும் பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அன்றைக்கு அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் யாரும் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

தோண்டி முடிந்துவிட்டது என்று சொன்னால் மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆகவே ஏகாம்பரம் வாழ்க்கையில் முதல் தடவையாக வேலையில் ஏமாற்றினான். "மூலையில கொஞ்சம் பாக்கி கீது சார்" என்று சொல்லிச் சொல்லி ஒரே மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டச் சுரண்ட மூலை ஆழமாகி, அங்கே கிணறு வெட்டுவதாகப் பேச்சு கிளம்பியது. ரமணா வந்து பார்த்தார். குழிக்குள் பந்து குதித்த புழுதித் தடத்தையும் பார்த்தார்.

"யாரோ இங்க ஆடியிருக்காங்க." அவர் குரல் நடுங்கியது. "ஆதாரத்தின் மேல ஆடியிருக்காங்க."

அன்று சாயங்காலமே கேட்டுக்குப் பூட்டு விழுந்தது.

"சார், தோண்டிட்டேன். மேட்ச்சு சார்," என்றான் ஏகாம்பரம்.

"நடத்தலாம்," என்றார் சடகோபன். "என் தரையில."

"அது எப்படிங்க?" என்றார் சுரேஷ்பாபு. "எண்பதுகளோட தரையில நடத்தினா எண்பதுகள்தான் உசத்தின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. தொண்ணூறு மட்டத்துக்கு மறுபடி மண்ணைக் கொட்டுங்க."

"கொட்டினா எங்க மட்டத்துக்குக் கொட்டணும்," என்றார் ரமணா.

ஏகாம்பரம் கூடையில் மண்ணோடு நின்றான். கொட்டவா, வேண்டாமா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

*

தீர்ப்பு நாள் வந்தது. மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அவரவர் ஓட்டு அவரவர் ஆளுக்கு. பிற்பகல்வரை எண்ணிப் பார்த்தும் அது மாறவில்லை. கடைசியில் சடகோபன் எழுந்து கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது விடை கிடைத்திருந்தது.

"எல்லாக் காலத்திலயும் இந்த மைதானத்துல நின்னவர் யாரு? மூணு யுகத்திலயும் ஒரு ஆட்டம்கூடத் தவறாதவர் யாரு? ஒரு தடவையாவது எங்க மேல புகார் எழுதினாரா? பயிற்சியாளர் கொடு, ஷூ கொடுன்னு கேட்டாரா? பேசாம நின்னார். நாங்க தரையை உயர்த்தினோம், நின்னார். தோண்டினோம், அப்பவும் நின்னார்." குரல் தழுதழுத்தது. "ஒரு ஆட்டக்காரன்கிட்ட இந்தக் கழகம் எதிர்பார்க்கறது வேற என்ன இருக்கு?"

அனைத்து யுகங்களின் தலைசிறந்த ஆட்டக்காரர், கிழக்குக் கம்பம்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மூவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். திருப்பதியில், விடுதிக்குத் தேர்வு நடக்கும் அதே நாளில், அந்தத் தேர்வு மைதானத்தை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் கம்பத்துக்குப் பாராட்டு விழா.

கம்பத்தைப் பிடுங்க ஏகாம்பரம்தான் வந்தான். அதே கடப்பாறை.

"வேணாய்யா, எவனாவது பிடுங்கட்டும்," என்று இந்திராணி சொல்லிப் பார்த்தாள்.

"கம்பம் லாரியில போவுது மே. நானும் பாப்பாவும் அதுலயே ஏறிப் போயிடறோம். அங்க கால்ல கீல வுழுந்தாவது உள்ள வுட வெச்சிடறேன்."

லாரியில் கம்பம் மாலையோடு படுத்திருந்தது. உருண்டுவிடாமல் ஒரு பக்கம் ஏகாம்பரமும் மறுபக்கம் பிரித்திகாவும் பிடித்துக்கொண்டார்கள். வழியெல்லாம் அவள் மடியில் பந்து. வளையம் அவள் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டு வந்தது.

*

திருப்பதி மைதானத்து வாசலில் இருந்தவர் தெலுங்கில்தான் பேசினார். ஆனால் மரியாதையானவர்.

"சித்தூரா? சித்தூர் என்ட்ரி வந்தாச்சேம்மா."

"யார் சார்?" என்றாள் பிரித்திகா.

"பேர் கிழக்குக் கம்பம். உங்க செயலாளர் போன்ல சொன்னார். உயரம், எடை எல்லாம் கொடுத்திருக்கார். நல்ல உயரம். வயசு மட்டும் கொஞ்சம் கூடுதல், அதுக்கு ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கியிருக்கார்."

ஏகாம்பரம் கும்பிட்டான். "சார், அது ஆள் இல்ல சார். இரும்பு."

வாசல்காரர் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஆட்டக்காரர் வர்றதுக்குத்தான் இங்க வண்டி வாடகை கொடுப்பாங்க. அதுக்காக அப்படிச் சொல்லியிருப்பார். ஒண்ணு செய்யுங்க. உங்க தலைவரை வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. கம்பத்தை எடுத்துட்டு பொண்ணைப் போட்டுக்கறேன். மதியத்துக்குள்ள. அதுக்கப்புறம் என் கையில இல்ல."

அப்பனும் மகளும் ஓடினார்கள்.

மண்டபத்து மேடையைப் பார்த்ததும் ஏகாம்பரத்துக்குத் தலை சுற்றியது. கம்பம் நின்றுகொண்டிருந்தது. வளையம் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"மாலை போடக் கை எட்டல," என்று சுரேஷ்பாபு யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். "அடியை அறுத்துட்டோம். பெருமைக்கு ஒண்ணும் குறையல."

வரிசையில் நின்று ஒவ்வொரு பெரிய மனிதரும் பந்தை வளையத்துக்குள் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். எழுபது தாண்டிய சடகோபன் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, கால் தரையை விட்டுக் கிளம்பாமல், மேலிருந்து கீழாக அடித்தார். மண்டபம் அதிர்ந்தது. ரமணா ஓடிப்போய் அவர் காலைத் தொட்டார்.

ஏகாம்பரமும் காலைத் தொட்டான். தொட்டபடியே சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். ஒரு வார்த்தை சார், பக்கத்துலதான் சார், மத்தியானத்துக்குள்ள சார்.

சடகோபனுக்கு வெற்றியின் கருணை வந்திருந்தது. "ஆகட்டுமே. நியாயமா ஒரு சோதனை வெச்சிடுவோம். அந்தப் பொண்ணு ஃப்ரீ த்ரோ போடற பதினஞ்சடி தூரத்துல நின்னு ஒரே ஒரு கூடை போடட்டும். போட்டா இப்பவே வரேன்."

விருந்தாளிகள் விலகி வழி விட்டார்கள். பிரித்திகா மண்டபத்தின் நடுவில் போய் நின்றாள். வளையத்தைப் பார்த்தாள். அது அங்கே இல்லாத இடத்தையும், இருந்திருக்க வேண்டிய உயரத்தையும் பார்த்தாள். ஏகாம்பரத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்தது: பாப்பா, தாழ்த்திப் போடு. சும்மா உருட்டி வுடு.

அவள் முழங்கால் மடங்கியது. மணிக்கட்டு நிமிர்ந்தது.

பந்து எழும்பியது. குழிக்குள் ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்ட அதே வளைவில், எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. பத்தடியில் ஒரு வளையம் இருந்திருந்தால் கம்பியைத் தொடாமல் இறங்கியிருக்கும். அங்கே வெறும் காற்றுதான் இருந்தது. பந்து பலகையைத் தாண்டிப் போய்ப் பின்னால் கட்டியிருந்த வாழைமரத்தில் விழுந்தது.

சித்தூர் கூடைப்பந்து வரலாற்றில் முதல் முறையாக ஒரு பந்து குறையாமல், கூடிப் போயிருந்தது. அதைக் கவனிக்க அங்கே யாருமில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சடகோபன் மட்டும் சிரிக்கவில்லை. வருத்தத்தோடு மைக்கை எடுத்தார்.

"பாத்தீங்களா. நெஞ்சு உயரத்துல இருக்கற வளையத்துக்கே போடத் தெரியல. இதுங்களைத்தான் அனுப்பு அனுப்புன்னு எங்களை நச்சரிச்சாங்க. நாங்க அவசரப்படாம இருந்தது எவ்வளவு நல்லதா போச்சு."

பிரித்திகா வாழை இலைகளுக்கு நடுவிலிருந்து பந்தை எடுத்துத் துடைத்தாள். மேடை மேல் வைத்தாள். "வா நைனா" என்றாள். வெளியே, மைதானத்தில், யாரோ விசில் ஊதினார்கள்.

*

பிறந்தநாள் தாண்டியதும் அவளை ஸ்ரீ சிட்டிக்குப் பக்கத்துத் தடா ஊர் வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோய், கம்பெனி வண்டியில் ஏற்றிவிட்டு வந்தான் ஏகாம்பரம். ஃபேக்டரியில் தேர்வு ஒரு நிமிஷத்தில் முடிந்ததாம். சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ குடோன். மேல் ரேக்கு. உனக்கு ஸ்டூல் வேணாம்" என்று சொல்லிவிட்டானாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. இந்திராணி பிடுங்கிப் பேசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் கொடுத்தாள்.

"நல்லா கீறியா பாப்பா? நேரத்துக்குத் துன்றியா?"

"ம்." பின்னால் ஏதோ மெஷின் சத்தம் கேட்டது. "நைனா, இங்க மேல் ரேக்குல பத்தடின்னு பெயிண்ட்டுல எழுதி வெச்சிருக்காங்க. நான் போய் நின்னவுடனே தெரிஞ்சிபோச்சி. ஒம்போதுதான். தரைக்கு மேல தரை போட்டிருக்கானுங்க."

ஏகாம்பரம் அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"யார் கிட்டயும் சொல்லிடாத பாப்பா. தோண்டறதுக்கு ஆள் தேடுவானுங்க."